புடலங்காயில் கட்டிய நட்டு

இருபத்திரண்டு வருஷம் நான் ஒரே நட்டைத்தான் கடைந்தேன். ஒரே மாதிரியான நட்டுகள் என்று சொல்லவில்லை. ஒரே நட்டு. அதே வரைபடம், அதே எண், வெளியே ஆறு பக்கம், நடுவில் துளை, துளைக்குள் மறை. எழுபத்தொன்றாம் வருஷம் ஆவடிக்கு வந்து, ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்த முதல் நாள், ஃபோர்மேன் என்னை ஒரு லேத் முன்னால் நிறுத்தி, "கலியமூர்த்தி, இதுதான் உன் மிஷின், இதுதான் உன் வேலை" என்றார். அவர் ரிட்டயர் ஆனார். அவருக்குப் பின்னால் வந்தவரும் ரிட்டயர் ஆனார். நட்டு மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

ஒரு நாளைக்கு நூற்று நாற்பது. அது எதில் போய் மாட்டுகிறது என்று எனக்குத் தெரியாது. டாங்கியில் மாட்டுகிறதோ, லாரியில் மாட்டுகிறதோ, மேலதிகாரி உட்காருகிற சுழல் நாற்காலியில் மாட்டுகிறதோ. ஆரம்பத்தில் ஆர்வமாகக் கேட்டேன். "அதெல்லாம் ரகசியம்பா" என்றார்கள். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, ரகசியம் ஒன்றும் இல்லை, நான் கேட்ட ஆளுக்கே தெரியாது.

அலுப்பு என்று சொன்னால் உடம்பு அலுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, இன்றைக்கும் நான் ஒரு மூட்டை மண்ணைத் தூக்குவேன். இது வேறு அலுப்பு. காலையில் சங்கு ஊதும்போதே, இன்று சாயங்காலம் வரை கை என்னென்ன செய்யப் போகிறது என்று கைக்குத் தெரியும். என்னைக் கேட்கவே வேண்டாம். சில நாள் நான் வீட்டிலேயே இருந்துகொண்டு கையை மட்டும் அனுப்பிவைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது.

இதில் ஓ.டி. என்கிற ஓவர்டைம் வேறு. எங்கள் குவார்ட்டர்ஸில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் விசாரிக்க ஆள் இருக்காது, ஓ.டி. நின்றுபோனால் ஊரே துக்கம் விசாரிக்கும். சாயங்காலம் நாலரைக்குச் சங்கு ஊதினாலும் ஏழு மணி வரை இருப்போம். ஜனவரி பிறந்துவிட்டால் மார்ச்சுக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்வார்கள். வரச்சொல்ல வேண்டியதே இல்லை, வரிசையில் நின்று பெயர் கொடுப்போம். எங்கள் வீட்டில் இருக்கிற சாமானுக்கெல்லாம் என் மனைவி வசந்தகுமாரி அப்படித்தான் பெயர் வைத்திருந்தாள். ஓ.டி. ஃபேன், ஓ.டி. மிக்ஸி, ஓ.டி. பீரோ. இருபது வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் மறுத்ததில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எண்பத்தொன்பதாம் வருஷம் கோடையில் எனக்கு அம்மை போட்டது. நாற்பத்தோரு வயதில் அம்மை போட்டால் அது அம்மை இல்லை, தண்டனை. மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். தரைத்தள வீடு எங்களுடையது. பின்பக்கம் பத்தடிக்குப் பன்னிரண்டடி சரளை மண், மூலையில் துணி உலர்த்துகிற கம்பி. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பின்வாசலில் பாயைப் போட்டு வசந்தகுமாரி என்னைப் படுக்க வைத்திருந்தாள். பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், முற்றிப்போனது என்று அவள் என்றைக்கோ தூக்கி எறிந்த புடலங்காயிலிருந்து ஒரு கொடி கிளம்பியிருந்தது.

வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அதன் நுனிச்சுருள் காற்றில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. மத்தியானம் கண் அயர்ந்து எழுந்து பார்த்தால், கம்பியைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றியிருக்கிறது. யாரும் வரைபடம் கொடுக்கவில்லை. என் லேத்திலும் நாள் முழுக்கச் சுருள் சுருளாகத்தான் இரும்பு வரும், கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டுவோம். இந்தச் சுருள் ஒரு கொடியையே தூக்கி நிறுத்தியது. எனக்கு அழுகை வந்தது. அம்மைச் சூடு என்று வசந்தகுமாரி இளநீர் கொடுத்தாள்.

எங்கள் வம்சத்துக்கும் செடி கொடிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அப்பா விருத்தாசலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டியதைத் தவிர மண்ணோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. அதனால் எல்லாவற்றையும் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். எரு என்று நினைத்து பச்சைச் சாணியைக் கொட்டி கத்தரிக் கன்றுகளைக் கொன்றேன். வண்டுக்குச் சாம்பலைத் தூவச் சொன்னார்கள், சூடு ஆறாத சாம்பலைத் தூவினேன். என் பக்கத்து மிஷினில் வேலை செய்கிற துலுக்கானம் நெமிலிச்சேரிக்காரன். அவன்தான் மக்கிய எருவைச் சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போதெல்லாம் சிரிப்பான்.

"எங்கப்பன் ஆயுசு பூரா அடுத்தவன் நெலத்துல குந்திகினு களை புடுங்குனாரு. அந்தப் பொயப்பே வாணாம்னுதான் என்னை இங்க தள்ளிவுட்டாரு. நீ இன்னாடான்னா ஆசப்பட்டுப் புடுங்கிகினு கீறே. ஒனக்கு மறை கயண்டுபோச்சு மச்சான்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவன் அப்பாவுக்கு அது வேலை. எனக்கு அது வேலை இல்லை, அதனால்தான் செய்தேன்.

மூன்றாம் வருஷம் சவுக்குக் கழி ஊன்றி, கம்பி இழுத்துப் பந்தல் போட்டேன். புடலை, பாகல், ஓரமாகக் கொத்தவரை, வேலி ஓரத்தில் வெண்டை. புடலம்பூவைப் பார்த்திருக்கிறீர்களோ என்னமோ. சாயங்காலம் வெயில் இறங்கும்போது விரியும், வெள்ளையாக, ஓரமெல்லாம் நூல் பிரிந்த மாதிரி. ஏழு மணி வரை ஓ.டி. பார்க்கிறவன் அது விரிகிறதைப் பார்க்கவே முடியாது. நான் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் வாரத்தில் ஒரு நாள் வயிற்றுவலி என்று நாலரைக்கே வந்தேன். பிறகு பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜனவரியில், ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் வந்தபோது, "என் பேரை எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டேன். செக்‌ஷனில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வருஷம்தான் புடலை கொட்டோ கொட்டென்று கொட்டியது. புடலங்காயை அப்படியே விட்டால் சுருட்டிக்கொள்ளும். பிஞ்சு முழ நீளம் வந்ததும் நுனியில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட வேண்டும், அப்போதுதான் நேராக இறங்கும். இது ஊரறிந்த விஷயம். ஊரில் எல்லோரும் கல்லைத்தான் கட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரே நட்டைக் கடைந்தவன் புத்தி எங்கே போகும்? கல் ஒன்று போல ஒன்று இருக்காது. ஒன்று நழுவும், ஒன்று கனத்துப் பிஞ்சை ஒடிக்கும். என் நட்டு நாற்பத்திரண்டு கிராம், ஒன்றுக்கொன்று இம்மி பிசகாது. கயிறு கோக்கத் துளையும் தயாராக இருக்கிறது.

நல்ல நட்டைத் தொடவில்லை. மறையில் மயிரிழை அளவு தப்பியதற்குச் சிவப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து ஓரப் பெட்டியில் போடுவோம், அது பழைய இரும்புக்குப் போகும். அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றாகச் சாப்பாட்டு அடுக்கின் அடித்தட்டில் போட்டுக் கொண்டுவந்தேன். திருட்டா என்றால் திருட்டுதான். அந்தக் கேட்டுக்குள் இருக்கிற துருப்பிடித்த ஆணிகூட அரசாங்கச் சொத்து. ஆனால் பதினேழு நட்டும் பதினேழு காயில் தொங்க, பந்தலின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது என் மனசு நிறைந்த மாதிரி எந்த மே தினத்துக்கும் நிறைந்ததில்லை. அந்த நட்டு ஒரு வேலை செய்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான் என்பார்கள். நான் அகப்பட்டது வெளியே கொண்டுவரும்போது அல்ல, உள்ளே கொண்டுபோகும்போது. உலகத்தில் இப்படி மாட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

துலுக்கானம் வீட்டில் புடலங்காய்க் கூட்டு வைக்க வேண்டும் என்று ஒரு காய் கேட்டான். பிப்ரவரி கடைசி வாரம். காலையில் அவசரத்தில் இருப்பதிலேயே நீளமானதாகப் பார்த்து, அறுத்து, செய்தித்தாளில் சுற்றி சைக்கிளில் நீட்டுவாக்கில் கட்டிக்கொண்டு போனேன். ஐந்தடிக்கு மேல் இருக்கும். ராணுவச் சாமான் செய்கிற இடத்தின் கேட்டில், காகிதம் சுற்றிய ஐந்தடிக் குழாயோடு ஒருத்தன் வந்து நின்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. இரண்டு காவலர்கள் என்னைச் சைக்கிளிலிருந்து இறக்கினார்கள். மூத்தவர் அய்யாசாமி பட்டாளத்திலிருந்து வந்தவர், என்னை நன்றாகத் தெரிந்தவர். அவர்தான் காகிதத்தைப் பிரித்தார்.

"என்னங்க கலியமூர்த்தி, புடலங்காயா? இதுக்கா எங்களைப் பயமுறுத்துனீங்க?"

எல்லோரும் சிரித்தோம். கடைசிச் சுற்றைப் பிரித்தபோது டங்கென்று நட்டு வெளியே விழுந்து கயிற்றில் ஆடியது. அவிழ்க்க மறந்திருந்தேன். சிவப்புப் பொட்டு சூரிய வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது.

அய்யாசாமி நட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஐம்பது பேர் சைக்கிளோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாக இருந்தால் பையில் போட்டுக்கொண்டு போகச்சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். அவர் பதிவேட்டைத் திறந்தார். அதில் வெளியே போகிற பொருளை எழுதத்தான் இடம் இருந்தது. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, 'உள்ளே வந்த அரசுப் பொருள், ஒன்று. புடலங்காயுடன்' என்று எழுதினார்.

"வீட்டுல இன்னும் இருக்குதாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பதினாறு இருக்கு" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் நான் லேத்தில் நிற்கும்போதே குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டார்கள். வசந்தகுமாரி மட்டும் வீட்டில். நான்கு காக்கிச் சட்டைகள் பந்தலுக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு காயிலிருந்தும் நட்டை அவிழ்த்துச் சாக்குப்பையில் போட, மூன்று மாடி ஜனமும் பால்கனியில் நின்று பார்த்திருக்கிறது. அவிழ்க்க வராத நாலு காயை அறுத்தே எடுத்துக்கொண்டார்கள். நான் போனபோது அவள் பின்வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இருபது வருஷமா இந்த குவார்ட்டர்ஸ்ல தலை நிமிர்ந்து நடந்தேன்" என்றாள். "ஒரு புடலங்காய்க்காக என்னைத் திருடன் பொண்டாட்டி ஆக்கிட்டீங்க. ஊர்ல கல்லா கிடைக்கல?"

பிளஸ் டூ படிக்கிற எங்கள் பெண் வடிவு, பாடப் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே மெமோ வந்தது. வொர்க்ஸ் மேனேஜர் ரகுநாதன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாற்காலியில் உட்காரச்சொன்னார். மேசையில் பதினேழு நட்டும் ஒரு தட்டில் இருந்தன. பக்கத்தில் அந்த ஐந்தடிப் புடலங்காய், வாடி, வால் சுருண்டு, அதற்கும் ஒரு அடையாளச் சீட்டுக் கட்டியிருந்தார்கள்.

"கலியமூர்த்தி, உங்களுக்கு நல்ல சர்வீஸ். நான் இதைப் பெரிசு பண்ண விரும்பல" என்றார். "வருத்தம் தெரிவிச்சு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அந்தப் பந்தலைப் பிரிச்சுடுங்க, குவார்ட்டர்ஸ் எஸ்டேட் ஆபீஸ்லயும் அதைக் கேக்குறாங்க. மார்ச் முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை வாங்க. உங்க கை இல்லாம அந்த நட்டு கணக்கு முடியாது. இதை மட்டும் பண்ணுங்க, எச்சரிக்கையோட ஃபைலை மூடிடறேன்."

"இல்லேன்னா சார்?"

"விசாரணை போடணும். அரசாங்கச் சொத்து. வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரும். வேலை போனா குவார்ட்டர்ஸ் போகும். அப்புறம் பந்தல் மட்டும் எங்கே நிக்கும்?"

அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாகக் கோபத்தை மூட்டியது. எந்த வேலை எனக்கு வெறுத்துப்போனதோ அதே வேலையின் தயவில்தான் என் பத்தடிக்குப் பன்னிரண்டடி மண் இருந்தது. வேலையை உதறிவிட்டுத் தோட்டத்தைக் கட்டிக்கொண்டு போக முடியாது. தோட்டத்தை விட்டுக்கொடுத்தால் மறுபடி கையை மட்டும் வேலைக்கு அனுப்புகிற ஆளாக இன்னும் பதிமூன்று வருஷம் கிடக்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?" என்றேன். "இந்த நட்டு எதுல போய் மாட்டுது?"

அவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வரைபட எண்ணைச் சொன்னார்.

"எண் எனக்கும் தெரியும் சார். எதுல மாட்டுது?"

"அசெம்ப்ளியில கேட்டாத்தான் தெரியும். அது இப்ப எதுக்கு?"

"எட்டு லட்சத்துக்கு மேல கடைஞ்சிருக்கேன் சார். அதுல பதினேழு எதுக்குப் பிரயோசனப்பட்டுதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பதினேழைத்தான் திருட்டுங்கறீங்க."

ரகுநாதன் கையிலிருந்த நட்டைத் தட்டில் போட்டார். "திங்கட்கிழமை லெட்டர் கொண்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

செக்‌ஷனுக்கு வந்தால் துலுக்கானம் வழிமறித்தான். தன் ஒரு வேளைக் கூட்டால்தான் இவ்வளவும் வந்தது என்று அவனுக்கு உறுத்தல்.

"இன்னா சொன்னாரு?"

சொன்னேன்.

"அவ்ளோதானே? ஒரு லைன் எய்திக் குட்துட்டுப் போவியா. வருத்தம்னு எய்துனா வருத்தப்படணும்னு சட்டமா கீது? நானெல்லாம் எத்தினி தபா எய்திக் குட்துகீறேன்."

"பந்தலைப் பிரிக்கணுமாம்."

"பிரி. அப்பால மயக்காலம் வந்தா கட்டிக்க. கொடி எங்க ஓடிடப் போவுது."

"எனக்கு வருத்தம் இல்லடா. இல்லாததை எப்படி எழுதுறது?"

"ஊட்ல வயசுக்கு வந்த பொண்ணு கீது. பேஜார் பண்ணாத மச்சான்" என்றான். எரிச்சலில் லேத்தை முடுக்கிவிட்டான்.

முடிவு என்ன ஆனது என்று தெரியாமல் ஆட்களைத் தவிக்கவிடுவது எனக்குப் பிடிக்காது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதினேன். ரகுநாதன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "இதைத் திருப்பி எடுத்துக்கங்க, வேற எழுதுங்க" என்றார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. விசாரணை நடந்தது. ஒரு வருஷத்துக்கு இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். பந்தலைப் பிரிக்கத் தனியாக ஒரு ஃபைல் திறக்க வேண்டும் என்று எஸ்டேட் ஆபீஸில் சொன்னார்களாம், அந்த ஃபைல் இன்றுவரை திறந்தபாடில்லை. பந்தல் நிற்கிறது. இப்போது கல்தான் கட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அதற்கப்புறம் நான் போனதே இல்லை.

ஆனால் அந்தக் கடிதத்தின் கடைசி வரி என்னுடையது இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். ஞாயிறு ஓ.டி.க்கான சங்கு ஊதி, தெருவில் சைக்கிள்கள் போய் ஓய்ந்திருந்தன. பந்தலின் கீழே வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். எடை போனதால் காய்களெல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு தலைக்கு மேலே ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. நாலு நாளாக என்னோடு பேசாத வசந்தகுமாரி காபியைக் கொண்டுவந்து செங்கல் மேல் வைத்தாள். போகவில்லை. அட்டைக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

அவள் வாய்விட்டுப் படிப்பவள். படித்தாள்.

"ஐயா, அளவு தப்பிய நட்டுகள் பதினேழை வீட்டுக்கு எடுத்துச் சென்றது உண்மை. அதற்கு உண்டான தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். வருத்தம் தெரிவிக்கச் சொன்னீர்கள். இருபது வருஷம் கேட்டபோதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்ததற்கு வருத்தம் தெரிவிக்கிறேன். இந்த ஊரில் சாயங்காலம் ஐந்து மணி வெயில் எப்படி இருக்கும் என்று நாற்பத்தோரு வயதுவரை தெரியாமல் இருந்ததற்கு வருத்தம் தெரிவிக்கிறேன். பந்தலைப் பிரிக்க மாட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன். இந்த இரண்டுக்கும் எனக்கு வருத்தம் இல்லை."

படித்து முடித்துவிட்டு அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போடப்போகிறாள் என்று நினைத்தேன். கிழித்தால் இன்னொன்று எழுதுவது, அதையும் கிழித்தால் மூன்றாவது என்று மனசுக்குள் வீம்பு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னிடம் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். ஃபேன் வேண்டாமா என்றால் இது, பெண்ணை எப்படிக் கரையேற்றுவது என்றால் இது என்று.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள்.

"என்னது?"

"வடிவு பொறந்ததும் ஞாயித்துக்கிழமைதான். காலையிலயே வலி வந்து, பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா ஆஸ்பத்திரிக்கு இட்டுப்போனாங்க. உங்களைக் கூட்டியாரச் சொல்லி கேட்டுக்கு ஆள் அனுப்பினோம். இன்னும் நாப்பது நட்டு பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வரேன்னு சொல்லி அனுப்பினீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. நான் போனபோது குழந்தையைக் குளிப்பாட்டிச் சுற்றி வைத்திருந்தார்கள் என்பது ஞாபகம் இருந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு போனது ஞாபகம் இருந்தது. நாற்பது நட்டு ஞாபகம் இல்லை. பதினேழு வருஷமாக அவள் அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

"நான் அந்த மாதிரி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"சண்டைக்குச் சொல்லல" என்றாள். "வருத்தம் வேணும்னுதானே கேட்டிருக்காங்க. அதையும் எழுதுங்க."

அட்டையைத் திருப்பி என் மடியில் வைத்துவிட்டு, நான் எழுதி முடிக்கிறவரை அங்கேயே நின்றாள். எழுதினேன். மேலே இருந்ததெல்லாம் வீம்புக்கு எழுதியது. அந்த ஒரு வரியைத்தான் கையை மட்டும் அனுப்பாமல் நானே எழுதினேன்.